மூச்சுக்குப் போராடிய சிறுவன்

உணவின்றி மனிதன் சில வாரங்கள் உயிர் வாழலாம். நீரின்றிச் சில நாட்கள் வாழலாம். மூச்சின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் மூச்சு விடுவதைப் பற்றி நினைப்பதே இல்லை. ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் உள்ள குழந்தையோ, அதைத் தவிர வேறொன்றையும் நினைக்க முடியாத இரவுகளைக் கண்டிருக்கும். நம் வகுப்புகளிலும் அப்படிப்பட்ட தோழியர் உண்டு. மழைக்காலம் தொடங்கியதும் இரண்டு மூன்று நாட்கள் வெறுமையாகக் கிடக்கும் இருக்கை அவர்களுடையது. விளையாட்டுப் பிரிவேளையில் மரநிழலில் அமர்ந்து, மற்றவர் ஓடுவதைப் பார்த்துக் கொண்டிருப்பவர்களும் அவர்களே.

அத்தகைய குழந்தையாக வளர்ந்து, பின்னாளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 26-ஆவது குடியரசுத் தலைவராக உயர்ந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். அவருடைய வீரச் செயல்களைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர் மூச்சு விட முடியாமல் தவித்த இரவுகளையும், அந்த இரவுகளில் அவரைச் சுமந்த கைகளையும் பற்றி இங்கே காண்போம்.

பிறப்பும் குடும்பமும்

1858-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் நியூயார்க் நகரில் கிழக்கு 20-ஆம் தெருவில் இருந்த ஒரு வீட்டில் தியோடர் பிறந்தார். தந்தையின் பெயரும் தியோடரே. அவர் கண்ணாடி இறக்குமதி செய்து விற்ற பெருவணிகர். தாய் மார்த்தா, தென் மாநிலமான ஜார்ஜியாவில் வளர்ந்தவர். அன்னா, தியோடர், எலியட், கொரின் என்று நான்கு குழந்தைகள். வீட்டில் நம் தியோடரை அனைவரும் 'டீடி' என்று செல்லமாக அழைத்தார்கள்.

செல்வத்துக்குக் குறைவில்லாத அந்த வீட்டில் குழந்தைகளின் உடல்நலத்துக்குத்தான் குறைவிருந்தது. மூத்தவளான அன்னாவுக்கு முதுகெலும்பில் நோய். கடைக்குட்டி கொரினுக்கும் ஆஸ்துமா உண்டு. டீடிக்கோ ஏறக்குறைய மூன்று வயதிலேயே இழுப்பு தொடங்கிவிட்டது.

தந்தை ஈகைக் குணம் மிக்கவர். செய்தித்தாள் விற்றுப் பிழைத்த அநாதைச் சிறுவர்களின் விடுதிக்குச் சென்று, அவர்களோடு நேரம் செலவிடுவார். தம் மகளின் முதுகெலும்பு நோய்க்கு மருத்துவம் தேடியபோது, ஏழைக் குழந்தைகளுக்கு அந்த வசதி இல்லையே என்று எண்ணி, நியூயார்க்கில் எலும்பு மருத்துவமனை ஒன்று உருவாக முன்னின்று உழைத்தார்.

இருமலும் இரவும்

ஆஸ்துமா பெரும்பாலும் இரவில்தான் கடுமையாகத் தாக்கும். நள்ளிரவில் டீடி திடுக்கிட்டு எழுந்து உட்காருவான். நெஞ்சு இறுகும். மூச்சை வெளியே விடும்போது விசில் போன்ற ஒலி எழும். படுத்தால் மூச்சு அடைக்கும். ஆகவே தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே தூங்க வேண்டும்.

அந்த நேரங்களில் தந்தை அவனைத் தோளில் தூக்கிக் கொண்டு அறைக்குள் மேலும் கீழும் நடப்பார். அதிலும் தணியாவிட்டால், குதிரை வண்டியைப் பூட்டச் சொல்லி, பிள்ளையைப் போர்வையில் சுற்றி மடியில் இருத்திக் கொண்டு, உறங்கிக் கிடக்கும் நகரத்தின் தெருக்களில் வண்டியை ஓட்டிச் செல்வார். முகத்தில் காற்று பட்டால் பிள்ளைக்கு மூச்சு திரும்பும் என்பது அவர் நம்பிக்கை. பகலெல்லாம் வணிகமும் பொதுப்பணியும் பார்த்த மனிதர், இரவில் இப்படி விழித்திருந்தார். பெரியவனான பிறகு ரூஸ்வெல்ட் தம் தன்வரலாற்றில் இந்த இரவுகளை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். தந்தைதான் தமக்கு மூச்சையே தந்தவர் என்ற உணர்வு கடைசிவரை அவரிடம் இருந்தது.

அக்கால மருத்துவம்

ஆஸ்துமாவில் நடப்பது என்ன? நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் சிறு குழாய்களின் உட்சுவர் அழற்சியால் வீங்கியிருக்கும். தூசி, புகை, மகரந்தம், குளிர்காற்று, சளிக்காய்ச்சல் போன்ற ஏதேனும் ஒன்று அதைச் சீண்டினால், குழாயைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்கிவிடும். உள்ளே கோழையும் சுரந்து அடைத்துக்கொள்ளும். காற்று போகவும் வரவும் வழி குறுகிவிடும்.

டீடி குழந்தையாயிருந்த நாட்களில் இவ்வளவும் தெரியாது. இதை நரம்புக் கோளாறு என்றே மருத்துவர் பலர் கருதினர். நெஞ்சில் கடுகுப் பற்று போடுவார்கள். வாந்தி மருந்து கொடுப்பார்கள். சூடான கருங்காப்பியைக் குடிக்கச் செய்வார்கள். இவற்றைவிடக் கொடுமை, சுருட்டு புகைக்கச் சொன்னதுதான்! இன்று ஆஸ்துமா உள்ள குழந்தையின் அருகில் பிறர் புகைப்பதுகூடக் கூடாது என்கிறோம். அன்று அந்தக் குழந்தையின் வாயிலேயே சுருட்டை வைத்தார்கள். அன்பில்லாதவர்கள் செய்ததன்று அது, அறியாதவர்கள் செய்தது.

காப்பியில் மட்டும் சிறிது உண்மை இருந்தது. லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர் தாமே ஆஸ்துமாவால் துன்புற்றவர். கடுங்காப்பி இழுப்பைத் தணிக்கிறது என்று அவர் அக்காலத்தில் எழுதினார். காப்பியிலுள்ள கஃபீன் மூச்சுக்குழாயைச் சிறிதளவு விரிக்கக் கூடியது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால் அது மருந்துக்கு ஈடாகாது.

பருவத்தோடு ஓடிய குடும்பம்

மருந்து இல்லாத காலத்தில் மருத்துவர்கள் கூறிய ஒரே பெரிய யோசனை, காற்றை மாற்றுங்கள் என்பதே. ஆகவே ரூஸ்வெல்ட் குடும்பம் பருவத்துக்குப் பருவம் இடம் மாறியது. கோடை பிறந்தால் நியூயார்க்கின் வெப்பத்தையும் நெரிசலையும் விட்டு நாட்டுப்புற வீடுகளுக்குச் செல்வார்கள். குதிரைக்குட்டி ஏறுதல், பழம் பறித்தல், தவளை பிடித்தல் என்று குழந்தைகளுக்கு அங்கே கொண்டாட்டம். இலையுதிர் காலம் முடியும் தறுவாயில், நிலக்கரிப் புகை சூழ்ந்த நகரத்துக்குத் திரும்புவார்கள்.

1869-ஆம் ஆண்டு மே மாதம் குடும்பமே கப்பலேறி ஐரோப்பா சென்றது. ஓராண்டு நீடித்த அந்தப் பயணத்தில் பத்து வயது டீடி நாள்தோறும் நாட்குறிப்பு எழுதினான். அதில் மலையேறிய மகிழ்ச்சியும் இருக்கிறது. மூச்சிரைத்துக் கிடந்த இரவுகளும் இருக்கின்றன. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் தந்தையுடன் பல மைல் தூரம் நடந்தவன், வேறோர் ஊரை அடைந்ததும் படுக்கையில் விழுவான். அந்தக் குளிர்காலத்தில் ரோம் நகரில் தங்கியிருந்தபோது, குழந்தைகள் விளையாடிய குன்றின் பக்கமாகத் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் வந்தார். கத்தோலிக்கரல்லாத குடும்பத்துப் பிள்ளையாகிய டீடி, அவர் நீட்டிய கையை முத்தமிட்டான். அந்த வியப்பையும் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தான்.

1872-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் ஒரு பயணம். இம்முறை குளிர்காலத்தை எகிப்தில் நைல் நதியில் படகு வீட்டில் கழித்தார்கள். சிறுவன் கரையோரம் அலைந்து பறவைகளைச் சேகரித்தான். ஆனால் 1873-இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தங்கியபோது இழுப்பு அவனைத் தேடி வந்துவிட்டது. எந்த நாட்டுக்குச் சென்றாலும் நோயும் உடன் வந்தது. பணம் படைத்த குடும்பம் கடல் கடந்தும் பெற முடியாத நிம்மதி அது.

அதே 1873-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர் ஒரு நூல் வெளியிட்டார். தம்மை வாட்டிய பருவக்காலத் தும்மலுக்கும் மூக்கொழுக்குக்கும் பூக்களின் மகரந்தமே காரணம் என்பதை அவர் தம் மீதே சோதித்துக் காட்டினார். வானில் எவ்வளவு மகரந்தம் மிதக்கிறது என்றறியப் பட்டங்களைக்கூடப் பறக்க விட்டார். பருவம் மாறினால் நோய் ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு விடை மெல்ல வெளிப்படத் தொடங்கியது. ஆனால் அது டீடியின் படுக்கையறையை எட்டவில்லை. எட்டியிருந்தால், அவனுடைய அறையிலேயே ஒரு மருத்துவர் கேள்வி கேட்டிருப்பார். ஏனெனில், கடைத்தெருவில் கண்ட ஒரு கடல்நாயின் மண்டையோட்டைக் கொண்டு தொடங்கிய அவனது 'அருங்காட்சியகம்', காலப்போக்கில் பாடம் செய்த பறவைகளாலும் எலிகளாலும் நிரம்பியிருந்தது!

உடலை உருவாக்கிய நாட்கள்

ஐரோப்பாவிலிருந்து திரும்பியபின், 1870-ஆம் ஆண்டில், தந்தை மகனை அழைத்துப் பேசினார். அறிவு நன்றாக இருக்கிறது. ஆனால் உடல் துணை செய்யாவிட்டால் அறிவு செல்ல வேண்டிய தூரம் செல்லாது. அந்த உடலை நீயே உருவாக்க வேண்டும் என்பது அவர் கூறியதன் கருத்து. சிறுவன் அப்படியே செய்வதாக உறுதி கூறினான். வீட்டின் பின்புறத் தாழ்வாரம் உடற்பயிற்சிக் கூடமாயிற்று. திறந்த காற்றில், நாள் தவறாமல், டீடி அங்கே எடை தூக்கினான், கம்பிகளில் தொங்கினான். மாதங்கள் சென்றன. மார்பு மிக மெதுவாகவே விரிந்தது. அவன் நிறுத்தவில்லை.

1872-ஆம் ஆண்டுக் கோடையில் மற்றோர் அனுபவம். இழுப்பு வந்ததால் அவனை மெய்ன் மாநிலத்திலுள்ள மூஸ்ஹெட் ஏரிக்குத் தனியே அனுப்பினார்கள். வழியில் கோச்சு வண்டியில் உடன் வந்த இரண்டு சிறுவர்கள் அவனைக் கேலி செய்து வதைத்தார்கள். எதிர்க்க முயன்றான், ஒருவனைக்கூட அவனால் சமாளிக்க முடியவில்லை. வீடு திரும்பியதும் தந்தையின் இசைவு பெற்று, ஜான் லாங் என்ற பழைய குத்துச்சண்டை வீரரிடம் பயிற்சி பெறத் தொடங்கினான். கற்பதில் மிக மெதுவானவன்தான். ஆயினும் ஒரு சிறு போட்டியில் ஈயக்கோப்பை ஒன்றைப் பரிசாகப் பெற்றான். அதைப் பல ஆண்டுகள் போற்றி வைத்திருந்தார் என்பதிலிருந்தே அவர் அடைந்த மகிழ்ச்சி விளங்கும்.

அந்த ஆண்டிலேயே அவனுக்குக் கண்பார்வை மங்கல் என்பதும் தெரிய வந்தது. மூக்குக் கண்ணாடி அணிந்த பிறகுதான், உலகம் இத்தனை அழகானது என்பதைக் கண்டான். குறை எதுவென்று தெரிந்து, அதற்குரிய உதவியைத் தந்தால் ஒரு குழந்தை எவ்வளவு மலரும் என்பதற்கு அந்தக் கண்ணாடியே சான்று.

நோய் ஒழிந்ததா?

ரூஸ்வெல்ட் உடற்பயிற்சியாலும் மனவுறுதியாலும் ஆஸ்துமாவை விரட்டி அடித்தார் என்று பல நூல்களில் காண்கிறோம். கேட்பதற்கு இனிமையான கதை. ஆனால் முழு உண்மை அதுவன்று. குழந்தைப் பருவத்து ஆஸ்துமா, பலருக்கு வளரிளம் பருவத்தில் தானாகவே தணிவதுண்டு. அவருக்கும் கல்லூரிக் காலத்துக்குள் வெகுவாகத் தணிந்தது. ஆயினும் அது அடியோடு போய்விடவில்லை. 1883-ஆம் ஆண்டுக் கோடையில், சட்டமன்ற உறுப்பினராகவும் குடும்பத் தலைவராகவும் இருந்த 24 வயதில்கூட, இழுப்பினால் நலிந்து ஓய்வு தேடிச் சென்றார்.

இதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது. மனம் வைத்தால் இழுப்பு நின்றுவிடும் என்று நம்பும் ஒரு சிறுமி, இழுப்பு நிற்காதபோது தன்னையே பழித்துக் கொள்வாள். மருந்தை ஒளித்து வைப்பாள். அது பெரும் ஆபத்து. பயிற்சி ரூஸ்வெல்ட்டுக்குத் தந்தது நோயற்ற நுரையீரல் அன்று. வலுவான உடலையும், நான் நோயாளி மட்டுமே அல்லேன் என்ற நம்பிக்கையையும் அது தந்தது.

துயரங்களும் துணிவும்

1876-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1878 பிப்ரவரி 9-ஆம் நாள், நோய்வாய்ப்பட்டிருந்த தந்தை 46 வயதில் காலமானார். இரவெல்லாம் தம்மைச் சுமந்தவரின் கடைசி நேரத்தில் அருகிருக்க மகனுக்கு வாய்க்கவில்லை. அந்தத் துயரம் அவரை நீண்டநாள் வாட்டியது.

படிப்பு முடியும் நேரத்தில் கல்லூரி மருத்துவர் அவரைச் சோதித்து, இதயம் பலவீனமாக உள்ளது, மாடிப்படிகூட வேகமாக ஏறக்கூடாது என்று எச்சரித்தார். ரூஸ்வெல்ட் அப்படி வாழ விரும்பவில்லை. 1881-இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறினார். அவர் துணிவைப் பாராட்டலாம். ஆனால் மருத்துவர் சொல்லை மீறுவது எல்லாருக்கும் ஏற்ற வழியன்று.

1884 பிப்ரவரி 14-ஆம் நாள் அவர் வாழ்வின் கொடிய நாள். ஒரே வீட்டில், ஒரே நாளில், தாய் டைஃபாய்டு காய்ச்சலாலும், குழந்தை பெற்று இரண்டே நாளான மனைவி ஆலிஸ் சிறுநீரக நோயாலும் இறந்தனர். உடைந்த மனத்தோடு டகோட்டாப் பகுதிக்குச் சென்று, கால்நடைப் பண்ணையில் குதிரையேறி உழைத்தார். வறண்ட சமவெளியில், கடும் வெயிலிலும் கடும் பனியிலும் வாழ்ந்தபோது அவர் உடல் உரம் பெற்றது. 1886-இல் சிறுவயதுத் தோழியான ஈடித்தை மணந்து மீண்டும் குடும்ப வாழ்வில் நுழைந்தார்.

தலைவராக

அதன்பின் அவர் உயர்வு வேகமானது. நியூயார்க் காவல்துறை ஆணையர், கடற்படைத் துணைச் செயலர், 1898 கியூபாப் போரில் குதிரைப்படைத் தலைவர், நியூயார்க் ஆளுநர், துணைக் குடியரசுத் தலைவர் என்று பல பதவிகள் வகித்தார். மக்கின்லி சுடப்பட்டு இறந்ததால், 1901 செப்டம்பர் 14-ஆம் நாள், 42 வயதில் குடியரசுத் தலைவரானார். அந்த நாட்டில் அவரைவிட இளம்வயதில் அப்பதவியை ஏற்றவர் இல்லை. ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே அமைதி ஏற்படுத்தியதற்காக 1906-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். பிற நாடுகள் மீது வல்லாண்மை காட்டினார் என்ற குறையும் அவர் மீது உண்டு.

அவர் செய்தவற்றுள் இரண்டு, அவரது இளமையோடு தொடர்புடையவை. முதலாவது, 1906-இல் அவர் கையொப்பமிட்ட தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம். அதற்கு முன், கைகண்ட மருந்து என்று விளம்பரம் செய்து புட்டிகளில் அடைத்து விற்ற பலவற்றில் அபினும் கோக்கைனும் சாராயமும் ரகசியமாகக் கலந்திருந்தன. ஆஸ்துமா மருந்துகளும் அதற்கு விலக்கல்ல. இவை கலந்திருந்தால் சீட்டில் அச்சிட்டே தீரவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இரண்டாவது, ஏறக்குறைய 23 கோடி ஏக்கர் நிலத்தைக் காடுகளாகவும் பூங்காக்களாகவும் பறவைப் புகலிடங்களாகவும் அவர் பாதுகாத்தது. நல்ல காற்றைத் தேடி ஓடிய சிறுவன், வருங்காலத் தலைமுறைக்குக் காட்டையும் காற்றையும் விட்டுச் சென்றான்.

பதவியை விட்டபின், 1912 அக்டோபர் 14-ஆம் நாள் மில்வாக்கி நகரில் ஒருவன் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த பேச்சுத்தாள்களும் கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைக் குறைத்தன. ரூஸ்வெல்ட் கையில் இருமிப் பார்த்தார். இரத்தம் வரவில்லை, ஆகவே நுரையீரல் துளைபடவில்லை என்று தெளிந்து, மேடையேறி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். தம் மூச்சைக் கவனிக்க மூன்று வயதிலேயே கற்றவர் அல்லவா!

1919 ஜனவரி 6-ஆம் நாள், ஆய்ஸ்டர் பே என்ற ஊரிலிருந்த தம் இல்லத்தில், உறக்கத்திலேயே 60-ஆவது வயதில் இறந்தார். அவருடன் இழுப்பையும் பகிர்ந்து வளர்ந்த தங்கை கொரின் கவிஞராக விளங்கினார். 1920-இல், பெருங்கட்சி ஒன்றின் தேசிய மாநாட்டு மேடையில் பேசினார். பெண்கள் அத்தகைய மேடை ஏறுவது அரிதாக இருந்த காலம் அது. மறு ஆண்டு அண்ணனைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

நமக்குரியவை

டீடியின் பெற்றோருக்குக் கிடைக்காதவை இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர் மறைந்து 37 ஆண்டுகள் கழித்து, 1956-இல், அளவாக மருந்தைத் தெளிக்கும் இன்ஹேலர் வந்தது. 1972-இல், அழற்சியையே தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் முறை வந்தது. இழுப்பு வந்தபோது தணிப்பது ஒரு மருந்து. இழுப்பு வராமல் தடுப்பது மற்றொன்று. தடுப்பு மருந்தை, நன்றாக இருக்கும் நாட்களிலும் மருத்துவர் சொன்னபடி தவறாமல் எடுக்க வேண்டும். அவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம்.

பருவத்தைக் கண்டு ஓட வேண்டியதில்லை. அதற்கு முன்பே ஆயத்தமாக இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் காத்துப் பூஞ்சை படரும், சளிக்காய்ச்சலும் பரவும். மார்கழிப் பனியில் குளிர்காற்று நெஞ்சை இறுக்கும். தீபாவளி வெடிப்புகை, போகிப் புகை, கொசுவத்திப் புகை, வெள்ளையடிக்கும் தூசி எல்லாமே பகை. எந்தப் பருவத்தில், எதனால் இழுப்பு வருகிறது என்று டீடியைப் போல ஒரு நாட்குறிப்பில் எழுதி மருத்துவரிடம் காட்டலாம். பேச முடியாத அளவு மூச்சு இரைத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், மருந்துக்குத் தணியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நோய் இல்லாத தோழியருக்கும் கடமை உண்டு. மூச்சு வாங்கும் ஒருத்தியைக் கண்டால் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். அவளை நிமிர்ந்து உட்காரச் செய்யுங்கள். அவளுடைய இன்ஹேலரை எடுத்துக் கொடுங்கள். ஆசிரியையிடம் ஓடிச் சொல்லுங்கள். நலமாக இருக்கும் நாளில் அவளையும் ஆட்டத்தில் சேர்த்துக் கொள்ளுங்கள். மருத்துவரின் இசைவோடு அவளும் ஓடலாம், நீந்தலாம்.

தியோடர் ரூஸ்வெல்ட்டின் மனவுறுதியைப் போற்றுவோம். அதற்கு முன்னே, நள்ளிரவில் பிள்ளையைப் போர்த்தி வண்டியில் ஏற்றிச் சென்ற அந்தத் தந்தையையும் நினைப்போம். நம் வீடுகளிலும் அப்படி விழித்திருக்கும் தாய்மார்களும் தந்தையரும் உண்டு. அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, கொடுத்த மருந்தை ஒழுங்காக எடுத்து, நன்றாக மூச்சு விட்டு, நலமாக வளர்வதே.